பிரிவிற் பிறந்த கோட்பாடு: உறவும் தன்னிலையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் உப்புவெளியைக் கடந்ததும் வருவது சாம்பல்தீவு. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் அமைந்த இக்கிராமம், தமிழ் இலக்கண மரபு நெய்தல் என வகுத்த நிலத்துக்கு உரியது. அந்நிலத்துக்கு உரிப்பொருளாக அம்மரபு குறித்தது இரங்கல். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. திருகோணமலை மாவட்டத்தில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாம்பல்தீவுக் கரையும் அவ்வலைக்குத் தப்பவில்லை. 1983ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த போரினால் இடப்பெயர்வையும் இழப்பையும் முன்னரே கண்டிருந்த ஒரு மாவட்டத்தின் மீது இயற்கை விதித்த இரண்டாவது பேரிழப்பு அது.

அலை வடிந்த சில வாரங்களுள் வெளிநாட்டு உளவளத்துணையாளர் பலர் இக்கரைகளுக்கு வந்தனர். அச்சம், கனவு, உறக்கமின்மை, உணர்வு மரத்தல் ஆகியவற்றைத் தனித்தனி மனிதரிடம் கேட்டறியும் வினாக்கொத்துகள் அவர்களது கைகளில் இருந்தன. மனவடு என்பது ஒருவருடைய உள்ளத்தினுள்ளே நிகழும் ஊறு என்பது அவ்வினாக்களின் அடிப்படை. ஆனால், இலங்கையரின் துன்ப வெளிப்பாட்டை ஆராய்ந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ போன்றோர் கண்டது சற்று வேறானது. துன்புற்றோர் பலர் தம் உள்ளத்தின் நிலையை முதன்மையாகப் பேசவில்லை. யாரை இழந்தோம், யாருக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்ய இயலாதிருக்கிறோம், உறவினர் நடுவே தம் இடம் யாதாயிற்று என்பவற்றையே பேசினர்.

அவ்வாறாயின் ஊறுபட்டது எது? தனிமனிதனின் உள்ளமா, மனிதருக்கிடையே உள்ள உறவா? இவ்விரண்டையும் இவ்வாறு பிரித்துக் கேட்பதே பொருந்துமா? இவ்வினா சாம்பல்தீவில் முதன்முதல் எழுந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலே உளப்பகுப்பாய்வாளரிடையே எழுந்து, அவர்களுள் ஒரு சாராரை முற்றிலும் புதியதொரு விடைக்கு இட்டுச் சென்ற வினா இது. அவ்விடை பிறந்த வரலாற்றையும், அது நம் நாடுகளை வந்தடைந்தபோது பெற்ற மாற்றங்களையும் நோக்குதல் இக்கட்டுரையின் பணியாகும்.

'பொருள்' என்னும் சொல்

அவ்விடையை அளித்த கோட்பாட்டைத் தமிழிற் 'பொருளுறவுக் கோட்பாடு' எனலாம். பெயர் சற்று மயக்கந் தருவது. இங்கே பொருள் என்பது கல், மரம், காசு போன்ற சடப்பொருளன்று. ஒருவரது விருப்பும் வெறுப்பும் எவரை நோக்கிச் செல்கின்றனவோ அவரையே இச்சொல் குறிக்கிறது. குழந்தைக்குத் தாய் முதற் பொருள். வெளியே உள்ள தாய் ஒருத்தி. குழந்தையின் மனத்துள்ளே பதிந்து, அவள் அருகில் இல்லாதபோதும் தேற்றவும் அச்சுறுத்தவும் வல்ல தாய் மற்றொருத்தி. பின்னவளையே இக்கோட்பாட்டாளர் 'அகப் பொருள்' என்பர். மனிதனின் தன்னிலை இத்தகைய அகப் பொருள்களோடு அவன் கொள்ளும் உறவுகளால் ஆக்கப்படுகிறது என்பதே கோட்பாட்டின் சாரம். முன்னரே முழுமையாக உள்ள ஒருவன் பின்னர் உறவுகளைத் தேடிக்கொள்கிறான் என்பதன்று. உறவுகளின் வழியாகவே ஒருவன் 'நான்' ஆகின்றான் என்பதாம்.

தமிழ் கற்ற மாணவருக்கு இச்சொற்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நினைவூட்டுதல் இயல்பு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்து உரிப்பொருள்களும் உறவின் நிலைகளேயன்றித் தனித்திருக்கும் மனத்தின் நிலைகளல்ல. எனினும், முன்னோர் அனைத்தையும் முன்னமே கண்டனர் எனப் பெருமிதங்கொள்வது ஆய்வாகாது. அகத்திணை மரபு ஓர் இலக்கிய மரபு. குழந்தை எவ்வாறு மனிதனாகிறது என்பதை விளக்குவது அதன் நோக்கமன்று. இரு மரபுகளும் எங்கே ஒன்றையொன்று விளக்குகின்றன என்பது கட்டுரையின் பிற்பகுதியிற் புலப்படும்.

வியன்னாவிலிருந்து இலண்டன் வரை

உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய சிக்மண்ட் பிராய்ட் மனித மனத்தை இயக்குவன இயல்பூக்கங்கள் எனக் கொண்டார். அவை நிறைவை நாடுவன. அந்நிறைவைத் தருபவர் எவராயினும் ஆகலாம். இந்நோக்கில் உறவு என்பது இயல்பூக்கத்தின் தேவைக்குப் பின் வருவது. ஆயினும் பிராய்டின் எழுத்துகளிலேயே இதற்கு மாறான விதையும் கிடந்தது. 1917இல் வெளியான துயரும் உளச்சோர்வும் பற்றிய கட்டுரையில், இழந்தவரை மனிதன் வெறுமனே மறந்துவிடுவதில்லை என்றும், சில வேளைகளில் அவரைத் தன்னுள்ளே ஏற்றுத் தன்னின் ஒரு பகுதியாக்கி, அவர்மீது கொண்ட சினத்தைத் தன்மீதே திருப்புகிறான் என்றும் அவர் காட்டினார். 1920இல் வெளியான நூலிலே, தாய் வெளியே சென்ற வேளைகளில் நூற்சுருளை எறிந்தும் இழுத்தும் விளையாடிய ஒன்றரை வயதுப் பேரனை அவர் விவரித்தார். பிரிவை விளையாட்டாக்கித் தன் ஆட்சிக்குள் கொணர முயன்ற குழந்தை அது. அக்குழந்தையின் தாயான பிராய்டின் மகள் சோபி அவ்வாண்டு ஜனவரியில் நோயினால் இறந்தார்.

இவ்விதையை மரமாக்கியவர் மெலனி கிளைன். 1882இல் வியன்னாவிற் பிறந்த இவர், புடாபெஸ்டில் பெரென்சியிடமும் பெர்லினில் ஆபிரகாமிடமும் பயின்று, 1926இல் இலண்டனிற் குடியேறினார். சிறு குழந்தைகளின் விளையாட்டை வளர்ந்தோரின் பேச்சுக்கு நிகராகக் கொண்டு ஆராய்ந்தார். ஊட்டும் தாயையும் ஊட்டாது விலகும் தாயையும் கைக்குழந்தை இரு வேறு பொருள்களாகவே உணர்கிறது. முன்னதை முற்றிலும் நல்லதாகவும் பின்னதை முற்றிலும் தீயதாகவும் கொள்கிறது. தான் வெறுத்தவளும் விரும்பியவளும் ஒருத்தியே என அறியும் வேளையில் அதற்கு முதன்முதலாகக் கவலையும் குற்றவுணர்வும் ஈடுசெய்யும் விருப்பும் தோன்றுகின்றன. இதுவே கிளைன் வரைந்த படிமுறை. 1934இல் அவருடைய மூத்த மகன் மலையேற்ற விபத்தில் இறந்தார். அதன்பின் 1940இல் வெளியான துயர் பற்றிய கட்டுரையில், அன்புக்குரிய ஒருவரை இழக்கும்போது மனத்துள் முன்னமே அமைந்த நற்பொருள்கள் யாவும் ஆட்டங்காண்கின்றன என்றும், துயருறுதல் என்பது அகவுலகை மீண்டும் கட்டியெழுப்பும் உழைப்பு என்றும் அவர் எழுதினார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் எடின்பரோவிலே தனித்திருந்து உழைத்த ரொனால்ட் பெயர்பேர்ன். மனித மனம் இன்பத்தை நாடுவதன்று, பிறரையே நாடுவது என அவர் அறுதியிட்டார். இன்பமும் பிறரை அடையும் ஒரு வழியே. இக்கொள்கை ஒரு புதிரையும் அவிழ்த்தது. கொடிய பெற்றோரின் பிள்ளை அவர்களையே பற்றிக்கொள்வது ஏன்? பிள்ளைக்குத் தீய பெற்றோரும் வேண்டும். பெற்றோரே இல்லாமை அதனினும் பெருங்கேடு. ஆதலின் அவர்களது தீமையைத் தன்னுள் ஏற்று, தானே தீயவன் என நம்பியேனும் அவர்களை நல்லவராகக் காத்துக்கொள்கிறது. உறவை இனியதென்று மாத்திரம் போற்றுவார்க்குப் பெயர்பேர்ன் கூறும் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. ஆக்குவது உறவாயின், அழிக்க வல்லதும் அதுவே.

போரும் பிரிவும்

இக்கருத்துகள் சிறியதொரு வட்டத்தை விட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தமைக்கு இரண்டாம் உலகப் போரே காரணமாயிற்று. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் தொடங்கிச் சில நாள்களுள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர், அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள், குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன் போல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வினிகொட் ஆகிய மூவரும் பிரித்தானிய மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினர். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரிப்பது கடுமையான உளக் கோளாறுகளுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பது அவர்கள் விடுத்த எச்சரிக்கை.

அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் இலண்டன் ஹம்ஸ்ரெட்டில் நடத்திய போர்க்காலக் குழந்தை இல்லங்கள் இதற்குச் சான்று வழங்கின. தாயோடு நிலவறைகளில் ஒடுங்கிக் குண்டுவீச்சைக் கடந்த குழந்தைகள் பெரிதும் கலங்கவில்லை. பாதுகாப்பான இடத்திற்குத் தனியே அனுப்பப்பட்டோரே கலங்கினர். இல்லத்தினர் பிள்ளைகளைச் சிறு சிறு 'குடும்பங்களாக' வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தனர். அதன் பின்னரே தேங்கிநின்ற வளர்ச்சி மீளத் தொடங்கிற்று. கூடவே பொறாமையும் அழுகையும் பிடிவாதமும் தோன்றின. உறவு வந்தவிடத்து உறவின் துன்பமும் வந்தது. ஆயினும் அத்துன்பம் வளர்ச்சியின் அடையாளமாக இருந்தது.

போர்க்களத்து நரம்பு நோயாளரை ஆராய்ந்த பெயர்பேர்னும் இதே முடிவுக்கு வந்தார். அவர்களைப் பீடித்தது மரண அச்சத்தினும் மேலான பிரிவச்சம் என்றும், வீடு திரும்பும் வேட்கையே அவர்களிடம் பொதுவாகக் காணப்படும் குறி என்றும் 1943இல் எழுதினார். அக்காலத்துப் போர் இலண்டனோடு நிற்கவில்லை. அதே பேரரசின் கீழ்த்திசைக் கடற்படைக்குத் தளமாயிருந்த திருகோணமலைத் துறைமுகத்தின் மீது 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மூழ்கியது. திருகோணமலை மக்கள் பலர் ஊரைவிட்டு அகன்றனர். இலண்டன் குழந்தைகளின் கலக்கத்தைப் பதிவுசெய்ய ஆய்வாளர் இருந்தனர். திருகோணமலைக் குழந்தைகளுக்கு அவ்வாறு எவரும் இருக்கவில்லை. ஒரே போரின் இரு கரைகளுள் ஒன்று மாத்திரம் கோட்பாடாயிற்று. இவ்வேறுபாடு பின்னர் வருவனவற்றுக்கு முக்கியமானது.

திருகோணமலையைப் போன்றே கடற்படைத் துறைமுகமாகிய பிளிமத்தில் 1896இற் பிறந்த வினிகொட், குழந்தை மருத்துவராக நாற்பது ஆண்டுகள் தாயரையும் சேய்களையும் ஒருங்கே நோக்கியவர். போர்க்காலத்தில் ஒக்ஸ்போட் வட்டாரத்தில், எந்த வீட்டிலும் பொருந்தாத பிள்ளைகளுக்கான விடுதிகளுக்கு ஆலோசகராயிருந்தார். தனிக்குழந்தை என ஒன்று இல்லை; குழந்தை உள்ளதாயின் அதனைத் தாங்கும் ஒருவரும் உளர் என்பது அவரது அடிப்படை நோக்கு. குழந்தை விடாது பற்றும் துணித்துண்டையும் பொம்மையையும் அவர் ஆராய்ந்தார். அவை தாயுமல்ல, தானுமல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியைச் சேர்ந்தவை. விளையாட்டும் கலையும் சமயமும் அவ்வெளியிலேயே பிறக்கின்றன என அவர் கருதினார். தனித்திருக்கும் ஆற்றல்கூட அருகே ஒருவர் இருக்கையிலேதான் வளர்கிறது என 1958இல் வெளியான கட்டுரையிற் காட்டினார். போல்பியோ 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையின் வாயிலாக, தாயன்பின் இழப்பை உலக அரசுகள் கவனிக்க வேண்டிய விடயமாக்கினார். பெற்றோர் வருகையை வாரத்தில் ஓரிரு மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தியிருந்த ஆங்கிலேய வைத்தியசாலைகள் பின்னர் தம் வாயில்களைத் திறந்தமைக்கு அவரும் அவரது துணைவர் ஜேம்ஸ் ரொபேட்சனும் பெரிதும் காரணராவர்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். உறவே மனிதனை ஆக்குகிறது என்னும் இக்கோட்பாடு உறவின் நிறைவிலிருந்து பிறந்ததன்று. மகளை இழந்த தந்தை, மகனை இழந்த தாய், தொடருந்து நிலையத்தில் பெயரட்டையோடு நின்ற குழந்தை, வீடு நோக்கி ஏங்கிய போர்வீரன் ஆகியோரின் நடுவே அது உருவாயிற்று. பிரிவே உறவின் ஆக்கத்தைப் புலப்படுத்தியது.

மதுராவும் கல்கத்தாவும்

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. பொருளுறவு மரபின் ஆழ்ந்த சிந்தனையாளருள் ஒருவரான வில்பிரட் பியோன் 1897இல் மதுராவிற் பிறந்தவர். தந்தை பொறியியலாளர். பியோனை வளர்த்தவருள் ஓர் இந்திய ஆயாவும் இருந்தார். எட்டு வயதில் அவர் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் இந்திய மண்ணை மிதிக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை, 1979இல் இறந்தார். குழந்தையின் தாங்கவொண்ணாத அச்சத்தைத் தாய் தன்னுள் ஏற்று, தாங்கத்தக்கதாக்கித் திருப்பியளிக்கிறாள் என்னும் 'கொள்கலன்' கருத்து அவருடையது. அக்கருத்து அந்த ஆயாவின் மடியிலே பிறந்தது என நிறுவுவது இயலாது. ஆயினும், குடியேற்றவாத ஆட்சியின் பிள்ளை வளர்ப்பு இருவகைப் பிரிவின்மீது அமைந்திருந்தது என்பது மறுக்கவொண்ணாதது. துரையின் பிள்ளை ஆயாவைப் பிரிந்தது. துரையின் பிள்ளையைப் பேணிய ஆயாவோ பல வேளைகளில் தன் பிள்ளையைப் பிரிந்திருந்தாள். கோட்பாட்டில் முதலாவது பிரிவுக்கு இடங்கிடைத்தது, இரண்டாவதற்குக் கிட்டவில்லை.

ஐரோப்பாவுக்கு வெளியே உளப்பகுப்பாய்வு வேரூன்றிய முதல் இடங்களுள் கல்கத்தா ஒன்று. மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், ஆசானின் முடிபுகளை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு எதிரான விருப்பமும் மனத்துள் உடனுறைகிறது என்றார். தம் இந்திய நோயாளரிடம் தந்தையால் தண்டிக்கப்படும் அச்சத்தைக் காட்டிலும் தாயோடு ஒன்றும் விருப்பமும் பெண்ணாகும் விருப்பமும் மேலோங்கி நின்றமையைச் சுட்டினார். பிராய்ட் இதனை முழுமையாக ஏற்றாரல்லர். ஆயினும், மனத்தின் கோட்பாடு அது பயிலும் குடும்பத்தின் வடிவத்தைப் பொறுத்தும் அமையும் என்னும் வினாவை முதன்முதல் எழுப்பியவருள் போஸ் ஒருவராவார்.

ஒபயசேகரவும் கதிர்காமமும்

இலங்கையில் இவ்வினாவை வளர்த்தவர் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர. சடைமுடி தரித்துக் கதிர்காமத்தில் ஆவேசமுற்று ஆடும் அடியாரை ஆராய்ந்து அவர் எழுதிய 'மெடூசாவின் கூந்தல்' 1981இல் வெளியாயிற்று. திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாகக் கதிர்காமம் செல்லும் யாத்திரிகருக்கு அவ்வடியாரது காட்சி புதியதன்று. அவர்களுட் பலர் சிங்களப் பெண்கள். அவர்களது வாழ்வில் ஒரு பொதுத்தன்மையை ஒபயசேகர கண்டார். இறந்த தாயோ பாட்டியோ தந்தையோ ஆவியாக வந்து அவர்களை முதலில் வருத்துகிறார். உயிரோடிருந்தபோது அவருக்குச் செய்யத் தவறியவை பற்றிய குற்றவுணர்வு அவ்வருத்தத்தில் ஒளிந்துள்ளது. நீண்ட தவத்தின்பின் அதே ஆவி அருள்கொண்டு, தெய்வத்துக்கும் அடியாருக்கும் இடையே காவலாகிறது.

இது கிளைனும் பெயர்பேர்னும் கூறிய அகப் பொருளின் கதையே. உள்ளே இருந்து வருத்தும் உறவு, உள்ளே இருந்து காக்கும் உறவாக மாறுகிறது. உளச்சிகிச்சையாளன் பேயோட்டுபவனின் வழித்தோன்றல் என்னும் கருத்துப்படப் பெயர்பேர்ன் 1943இலேயே எழுதியிருந்தார். ஆனால், ஒபயசேகர மேலும் ஒன்று கூறினார். இலண்டன் நோயாளியின் அகப் பொருள் அவனுக்கு மாத்திரமே உரியது. கதிர்காமத்து அடியாரின் அகப் பொருளுக்குச் சமூகம் வழங்கிய குறியீடுகள் உண்டு. சடையும் காவடியும் தீமிதிப்பும் தனித்துயரைப் பிறர் அறியும் மொழியாக்குகின்றன. இம்மாற்றத்தை அவர் 'பண்பாட்டின் பணி' என்றார். அப்பெயரிலே அமைந்த நூல் 1990இல் வெளிவந்தது.

பல தாயர்

பொருளுறவுக் கோட்பாட்டில் உள்ள ஒரு குறையை இங்கே குறிப்பிடல் வேண்டும். அது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு சேய், பூட்டிய ஒரு வீடு என்னும் காட்சியையே கண்முன் கொண்டது. அது இலண்டன் நடுத்தர வகுப்பின் வீடு. தமிழர் உறவுமுறை வேறொரு காட்சியைத் தருகிறது. தாயின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா. சொல்லமைப்பிலேயே அவர்கள் அம்மாக்கள். அம்மம்மாவும் அப்பம்மாவும் அவ்வாறே. அக இலக்கியமும் நற்றாயோடு செவிலித்தாயை வைத்தது. செவிலியின் மகள் தோழி. தலைவியின் உள்ளத்தை அறிபவரும் அவளுக்காகப் பேசுபவரும் இவர்களே. அகத்திணை மரபும் பொருளுறவுக் கோட்பாடும் ஒன்றையொன்று விளக்கும் இடம் இதுவாம்: ஒருத்தியின் அகம் பலரது உறவிலே அமைகிறது என்பதை அம்மரபு மாந்தரின் அமைப்பிலேயே வைத்துக் காட்டிற்று.

இவ்விடயத்தில் ஆய்வாளர் ஒருமித்தாரல்லர். சுதிர் காக்கர் 1978இல் வெளியான நூலிலே இந்திய மகனுக்கும் தாய்க்கும் உள்ள நெடுநாள் நெருக்கத்தை முதன்மைப்படுத்தினார். ஸ்டான்லி குர்ட்ஸ் 1992இல், தாய் சற்றே விலகி நிற்க, குடும்பத்துப் பெண்கள் அனைவரும் சேர்ந்து குழந்தையைக் கூட்டத்தின்பால் ஈர்க்கின்றனர் என வாதிட்டார். பரந்த ஒரு நாட்டின் பலவகைக் குடும்பங்களை ஒரே அச்சில் வார்த்தமை இருவரிடத்தும் காணப்படும் குறை. இவ்வகையில் மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட தமிழ்க் குடும்ப அன்பு பற்றிய நூல் நுட்பமானது. தமிழ்நாட்டில் தமக்குத் திருக்கோவையாரைக் கற்பித்த ஓர் ஆசிரியரின் கூட்டுக் குடும்பத்தில் தங்கி எழுதிய நூல் அது. தாய் தன் பிள்ளைமீது கொண்ட அன்பைக் கண்ணேறு கருதியும் அடக்கம் கருதியும் மறைப்பதையும், பிறர் பிள்ளையை வெளிப்படையாகக் கொஞ்சுவதையும், பிள்ளைகள் கைக்குக் கை மாறுவதையும் அவர் கண்டார். அன்பு மறைந்து நிற்பதை அன்பின்மை எனக் கொள்ளும் வெளியார் ஏமாறுவர் என்பது அவரது நூல் தரும் படிப்பினை.

இதனால் தமிழ்ப் பிள்ளைக்குத் தாயின் இழப்பு சிறிதாகிவிடும் எனக் கொள்ளுதல் பெரும் பிழையாகும். பல தாயர் உளர் என்பது ஒருத்தியின் இடத்தை மற்றொருத்தி அப்படியே நிரப்புவாள் என்பதன்று. இழப்பைத் தாங்கும் கைகள் பல என்பதே அதன் பொருள். அக்கைகளும் ஒருசேர அகற்றப்படுமாயின் நிகழ்வது யாது? கிழக்குக் கரையின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவைக் கடுமையாக எழுப்புகிறது.

கிழக்குக் கரையின் பாடம்

கிழக்கிலங்கைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடு சீதனமாக மகளுக்குச் சேர்வதும் பரவலான வழக்கம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் இவ்வழக்கை நெடுங்காலம் ஆராய்ந்தவர் டெனிஸ் மக்கில்வ்ரே. தாயின் வளவைச் சுற்றி மகளிரின் வீடுகள் அமையும். சின்னம்மாவும் அம்மம்மாவும் வேலிக்கு அப்பால் இருப்பர். குழந்தையைத் தாங்கும் கைகளுக்கு இவ்வாறு மண்ணிலும் ஓர் அமைப்பு உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குட்பட்ட பகுதி தடைவலயமென அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. மீள்குடியேற்ற வீடுகள் பல கரைக்குத் தொலைவிலே எழுந்தன. புதிய வீடுகளின் உரிமை பல இடங்களில் ஆணின் பெயருக்கே வழங்கப்பட்டமை மகளிர் வழி வீட்டுரிமைக்கு மாறாக அமைந்ததை மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் எடுத்துக்காட்டினர். வரைபடத்தில் வீட்டின் இடம் மாத்திரமே மாறுகிறது. உள்ளத்தின் அமைப்பும் அத்துடன் மாறுகிறது என்பதைப் பொருளுறவுக் கோட்பாடு புலப்படுத்துகிறது.

எனினும், இதே பேரழிவில் ஒரு நற்பாடமும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பெரும் விடுதிகளில் அடைக்காமலும் அவசர மகவேற்புக்கு விடாமலும் உறவினரிடமே பேணுவதற்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. அவர்களது பராமரிப்பையும் பாதுகாவலையும் ஒழுங்குபடுத்த 2005இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பிள்ளைகளுட் பெரும்பாலோர் மாமன், மாமி, பெரியம்மா, பாட்டி ஆகியோரது வீடுகளிலே வளர்ந்தனர். பிரித்தானியா 1939இல் பிழைத்து, ஹம்ஸ்ரெட்டில் அரிதின் முயன்று கற்ற பாடத்தை இக்கரையின் உறவுமுறை ஓரளவு இயல்பாகவே நிறைவேற்றிற்று.

போர் விளைத்த ஊறு இதனினும் சிக்கலானது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் 'வடுப்பட்ட மனங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார்; 2014இல் வெளியான நூலுக்கு 'வடுப்பட்ட சமுதாயங்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இத்தலைப்பு மாற்றமே ஒரு சிந்தனை வரலாறு. போர் தனியாளை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் அயலையும் அவற்றின் நம்பிக்கையையும் சிதைக்கிறது. எனவே குணப்படுத்தலும் அம்மட்டங்களில் நிகழவேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு.

அவ்வூறுகளுள் மிகக் கொடியது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடையது. துயருறுதல் என்பது இழப்பை ஏற்று அகவுலகை மீளக் கட்டுதல் எனக் கிளைன் கூறினார். இறந்தாரா, இருக்கிறாரா என அறியாத தாய் எதனை ஏற்பாள்? நெற்றிப் பொட்டை அழித்தால் கணவனைத் தானே கொன்றதாகும் என அஞ்சும் மனைவியரும், கிரியை செய்தால் தம்பியைக் கைவிட்டதாகும் என அஞ்சும் தமக்கையரும் இக்கரையில் உளர். மட்டக்களப்பில் போர்க்காலத்தில் ஆய்வு செய்த லோறன்ஸ், இத்தகைய தாயர் அம்மன் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொல்லும் பெண்களை நாடிச் சென்றதைப் பதிவுசெய்துள்ளார். பிறிதெங்கும் பேசவியலாத காலத்தில், காணாமற்போனவரைப் பெயர்சொல்லி அழவும் அவரோடு உறவு பேணவும் கிட்டிய இடம் அது. பியோன் கூறிய கொள்கலனும் ஒபயசேகர கூறிய பண்பாட்டின் பணியும் ஒருங்கே நிகழ்ந்த இடமும் அதுவே. ஆயினும், அது உண்மையை அறியும் உரிமைக்கு ஈடாகாது. உள்ளத்தின் காயம் ஆறுவதற்கு உலகின் விடையும் வேண்டும்.

நிறைவாக

இவ்வரலாறு இரு திசைகளிற் பயன்தருவது. மேலைக் கோட்பாட்டைக் கற்போர் அதனை இலண்டனின் விளைபொருள் எனத் தள்ளவும் வேண்டியதில்லை. சாம்பல்தீவுக்கு அப்படியே பொருத்தவும் வேண்டியதில்லை. பிரிவின் வலியிலிருந்து உறவின் உண்மையைக் கண்டறிந்த முறை எவ்விடத்துக்கும் பொதுவானது. ஒரு தாயும் ஒரு வீடும் என அது கொண்ட காட்சி அவ்விடத்துக்கே உரியது. மறுபுறத்தில், நம் உறவுமுறையைப் போற்றுவோர் பெயர்பேர்னின் எச்சரிக்கையை மறத்தலாகாது. தாங்கும் கைகளே நெரிக்கவும் கூடும். சீதனச் சுமையும் விதவையை மங்கலங்களிலிருந்து விலக்கலும் குடும்ப மானத்தின் பெயரால் வாய்மூடலும் அவ்வுறவுமுறையின் உள்ளேயே நிகழ்வன.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த வினாக்கொத்துகள் மனிதனைத் தனியனாகக் கொண்டு, அவனுள்ளே நிகழ்ந்ததை வினவின. கரையிலிருந்தோர் உறவைச் சுட்டி விடையளித்தனர். வினாவும் விடையும் ஒன்றையொன்று தவறவிட்டன என்பதன்று முழு உண்மை. உள்ளத்தின் உள்ளே இருப்பதும் உறவே என்பதை வினவியோர் அறிந்திருப்பின், விடை அவர்களுக்கு விளங்கியிருக்கும். சாம்பல்தீவுக் கரையிலே, சல்லியில் எழுந்தருளியுள்ள முத்துமாரியை அம்மக்கள் அம்மன் என்றும் தாய் என்றும் அழைத்து நேர்த்தி வைக்கின்றனர். கடல் கொண்டவரையும் போர் கொண்டவரையும் அங்கே பெயர்சொல்லி நினைக்கும் ஒருத்தி தன் துயரை மாத்திரம் இறக்கி வைக்கிறாளல்லள். இழந்தவருக்குத் தான் யாராக இருந்தாளோ, அந்தத் தன்னையும் அவள் காத்துக்கொள்கிறாள்.